நீலம் பாரித்த மணப்பெண்

வேங்கிக்காலில் அருணகிரி நடத்தும் கலர் லேபில், கல்யாண ஆல்பங்களுக்கு நிறம் சரிசெய்வது உஸ்மாவின் வேலை. அதுவரை அவள் கைபட்ட முகம் எதுவும் பிரிண்டில் சோடைபோனதில்லை. அன்று அடி அண்ணாமலைக்காரர் ஒருவர் வந்து, மகளின் ஆல்பத்தை அவள் மேசைமேல் விரித்தார்.

"பொண்ணு மூஞ்சப் பாரும்மா. பாம்பு கடிச்ச மாதிரி நீலம் பாரிச்சிக் கெடக்குது. வீட்ல பொம்பளைங்க பயந்துட்டாங்க."

கேமரா பிடித்த காலத்துப் பழக்கத்தில், நிறம் பார்க்கும்போதெல்லாம் செய்வதுபோல், உஸ்மா இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முகம் நன்றாகத்தான் தெரிந்தது. அதனாலேயே அவளுக்குத் திக்கென்றது.

மானிட்டரில்தான் நிறம் மாறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நிறம் அளக்கும் கருவியைத் திரையில் தொங்கவிட்டாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை மாறி மாறி ஒளிர்ந்து ஓய்ந்தது. எல்லாம் சரி என்றது கருவி. பிரிண்டர் மேலும் பழி போட முடியாது. மற்றவர்கள் சரிசெய்த ஆல்பங்கள் அதே மெஷினில் பழுதில்லாமல் வந்திருந்தன.

மெல்ல வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்தாள். மணப்பெண்ணின் முகம் நீலமாக இருந்தது. மறுபடி வலது கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த வெள்ளைத்தாள்கூட டீ சிந்தியதுபோல் மஞ்சளடித்தது. இல்லாத அந்த மஞ்சளைப் போக்கத்தான் இந்த ஆல்பத்தின் ஒவ்வொரு முகத்திலும் நீலத்தைக் கூட்டியிருக்கிறாள்.

உள்ளேயிருந்து அருணகிரி கேட்டார். "என்னம்மா, மானிட்டர்ல கோளாறா?"

"மானிட்டர் நல்லாத்தாங்க இருக்குது," என்றாள் உஸ்மா, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு.