அவள் இரண்டு தடவைதான் கூப்பிட்டாள்

என்னை யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முதல் குரலுக்கே திரும்பிவிடுவேன். சில நாள் யாரும் கூப்பிடாமலே திரும்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "இதோ வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். டீச்சருக்குக் காதில் ஏதோ கோளாறு என்று ஒருத்தி வீட்டில் போய்ச் சொன்னாளாம். காதில் ஒரு கோளாறும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நானும் அவளும் திருவண்ணாமலையில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கணக்கு டீச்சர், அவள் தாவரவியல். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளும் விவசாயக் குடும்பம்தான், போளூர்ப் பக்கத்துச் சமணர்கள். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு அறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தோம். வெள்ளைக்காரர்களுக்கே இடம் விட்டுப் பழகிய வீட்டுக்காரர், எங்களிடமும் பாதி கை ஜாடையில்தான் பேசுவார்.

அவள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டாள். அவளுக்காக நானும் ஐந்தரை மணிக்கே சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் பசியில் புரண்டுகொண்டிருப்பேன். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்க மாட்டாள். வடிகட்டினால் மட்டும் போதாது. துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்துவிடக் கூடாதாம். எந்தக் கிணற்றில் மொண்டாளோ அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே துணியை அலசிவிட வேண்டும். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே கிணற்றடிக்குப் போய் அலசிவிட்டு வந்தாள். நான் கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் செய்தது யாருக்கும் புரியாது.

அந்த வருஷம் தை மாதத்தில்கூட மழை பெய்தது. மாசி பிறந்தும் ஜவ்வாது மலையில் ஓடைகள் வற்றவில்லை, காடெல்லாம் பூத்திருக்கிறது என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குச் செடிகள் சேகரிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பழைய பேப்பர் கட்டு, இரண்டு அட்டை, ஒரு கயிறு, டிபன் பாக்ஸில் புளிசாதம், ஒரு பித்தளைச் சொம்பு, அவளுடைய வெள்ளைத் துணி. விடியற்காலை முதல் பஸ்ஸில் போளூர் போய், அங்கிருந்து அடிவாரத்துக்கு இன்னொரு பஸ்.

அந்த இரண்டாவது பஸ்ஸில்தான் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுடி. மெட்ராஸ் மாப்ள. வைகாசில."

"அப்போ வேலை?"

"விட்டுடுவேன். அவங்க வீட்ல வேணாம்னு சொல்றாங்க."

"அப்போ ரூமு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நீ வேற யாரையாவது சேத்துக்கோயேன்" என்றாள்.

வேண்டுமென்று புண்படுத்தச் சொன்னதல்ல அது. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. சந்தோஷம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. மலை ஏற ஆரம்பித்த பிறகும் அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

காடு என் கோபத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. புரச மரங்களில் இலையே இல்லாமல் கிளை முழுக்க நெருப்பு நிறத்தில் பூ. கோங்கு மரத்தடியில் உள்ளங்கை அகல மஞ்சள் பூக்கள் முழுசு முழுசாக விழுந்து கிடந்தன. வழி அப்படி ஒன்றும் செங்குத்தாக இல்லை. மூன்று இடத்தில் ஓடை குறுக்கிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டினோம். ஒவ்வொரு செடிக்கும் அவள் நின்றாள். தரையோடு படர்ந்திருந்த ஒரு ஊதாப் பூவைப் பறிக்காமல் மண்டியிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அஞ்சு இதழ்டி, வந்து பாரேன்" என்றாள். "நான் பாத்த பூதான்" என்றேன். பார்த்ததே இல்லை.

இரண்டாவது ஓடைக்குப் பக்கத்தில் மலைக்காரம்மா ஒருத்தி புளி உலுக்கிக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தின்ன நாலு புளியம்பழம் கொடுத்தாள். இரண்டு பெண்கள் துணையில்லாமல் போவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

"போங்க, ஒண்ணும் பயமில்ல. ஆனா உச்சி நேரத்துல மேலாண்ட ஓடைகிட்ட யாராவது கூப்ட்டா ஏன்னு கேக்காதீங்க. தெரிஞ்ச கொரலாத்தான் இருக்கும். மூணு தபா கூப்ட்டா மனுசங்க. அது ரெண்டு தபாவுக்கு மேல கூப்டாது."

"அதுன்னா எது?" என்றேன்.

"அத எதுக்கு வாயால சொல்றது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. கொல்லையில் உச்சி வெயிலில் யார் கூப்பிட்டாலும் அம்மா உடனே குரல் கொடுக்க மாட்டாள். மூன்றாவது தடவைக்குத்தான் "ஏன்" என்பாள். நான் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். படித்தது தலையில் இருந்தது, இது உடம்பிலேயே இருந்தது.

மேல் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஓடை கீழே ஒரு மடுவில் தேங்கி, பெரிய பாறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. மேட்டில் இருந்த தட்டைப் பாறையில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் இறங்கிப் போய், தண்ணீரை வடிகட்டிச் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். உட்காரப் போனவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தாள்.

"அய்யோ, அலசல. ஒரு நிமிஷம், வந்துடறேன். சேந்து சாப்பிடலாம்."

"போ. உன் புழு பூச்சியையெல்லாம் பத்திரமா அதுங்க வீட்ல வுட்டுட்டு வா. அதுங்க மேல இருக்கற அக்கறை மனுஷங்க மேல கிடையாது" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. துணியோடு இறங்கிப் போனாள். பாறை மறைத்ததால் மடு எனக்குத் தெரியவில்லை. கல் உருளும் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

அப்போது கூப்பிட்டாள். அவள் மட்டும் என்னைக் கூப்பிடும் செல்லப் பெயர். குரல் ஓடைப் பக்கமிருந்து வந்தது, ஆனால் அவளுடைய குரலைவிட மெல்லிசாக, எங்கேயோ தள்ளி இருந்து வருவது போல வந்தது. நான் எழுந்து நின்றேன். வாய்வரை வந்துவிட்டது, "ஏன்டி" என்று. மலைக்காரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மறுபடியும் உட்கார்ந்தேன்.

இரண்டாவது தடவை கூப்பிட்டாள். அதே குரல்.

நான் காத்திருந்தேன். மூன்றாவது வரவில்லை. அப்படியானால் அது அவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொல்லாத நிம்மதி. அவள் அங்கே நிதானமாகத் துணி அலசிக்கொண்டிருப்பாள், இல்லை இன்னொரு பூவை எண்ணிக்கொண்டிருப்பாள், மெட்ராஸ் மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். என் பங்கு முழுவதையும் சாப்பிட்டேன். காடு அவ்வளவு அமைதியாக இருந்தது. யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று நான் சாப்பிடுவதைப் பார்ப்பது போலவே இருந்தது. திரும்பவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு மேல் உட்கார முடியாமல் இறங்கிப் போனேன். அவள் மடுவின் ஓரத்தில் பாதி உடம்பு தண்ணீரில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வெள்ளைத் துணி ஒரு முள் செடியில் மாட்டித் தண்ணீரோடு ஆடிக்கொண்டிருந்தது. பாசியில் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவில் கால் சிக்கியிருக்கிறது. யாரும் வராததால் தானே பலம் கொண்ட மட்டும் இழுத்திருக்கிறாள்.

"கூப்பிட்டனே, கேக்கலையாடி?" என்றாள்.

"கேக்கலையே" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஓடிப் போய் மலை ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தேன். மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி அவளைச் சுமந்து இறக்கினார்கள். வந்த வழியில்தான் இறங்கினோம். அத்தனை பூவையும் மறுபடி பார்த்தேன். வேலூருக்குக் கொண்டுபோனோம். எலும்பு விரிசலோடு நின்றிருக்கும், இழுத்ததில்தான் இரண்டாக உடைந்து விலகிவிட்டது, யாராவது கூட இருந்து மெல்ல எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் அவள் அப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பாவம், இந்தப் பொண்ணுக்குக் கேக்கலையாம்" என்று அவர் டாக்டரிடம் எனக்காகப் பரிந்து பேசினார்.

கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தரம் வந்து பார்த்தார்கள். காப்பி சாப்பிட்டார்கள். கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடுதாசி வரவில்லை. ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் பெட்டியோடு செங்கம் சாலை அறைக்கே திரும்பி வந்தாள்.

நான் ஆசைப்பட்டது அதுதான். அவள் போகக் கூடாது என்று நினைத்தேன், அவள் போகவில்லை. ஒன்பது வருஷம் அதே அறையில் இருந்தோம். கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு, வடிகட்டி, துணியை அலசிவிட்டு வருவது என் வேலையாயிற்று. நான் அலசுவதை அவள் கதவோரம் நின்று பார்ப்பாள். சண்டை கிடையாது. காட்டைப் பற்றிப் பேச்சும் கிடையாது. ஆனால் உச்சி நேரமானால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். கடைத்தெருவில், கோயில் பிராகாரத்தில், பள்ளிக்கூட மாடிப்படியில். முதல் தடவை, இரண்டாம் தடவை. நான் உடனே திரும்புவேன். அறையில் இருவரும் இருக்கும் விடுமுறை நாட்களில்தான் ரொம்பக் கொடுமை. குரல் ஜன்னலுக்கு வெளியே கேட்கும். அவளோ எனக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள்.

அது என்ன குரலோ, எனக்குத் தெரியாது. எனக்கு நிஜமான பயம் வேறு. அன்றைக்கு நான் பேய்க்குப் பயந்துதான் உட்கார்ந்தேனா, இல்லை, இருக்கட்டும், கத்தட்டும் என்று உட்கார்ந்தேனா? பயந்தவள் புளிசாதம் சாப்பிடுவாளா? எத்தனையோ முறை அந்த நிமிஷத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டேன். விடை மாறிக்கொண்டே இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவளே கேட்டு வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் கிளம்ப நேரமிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் கீழே நின்றேன். இனி எப்போது என்று நினைத்ததும் தாங்கவில்லை.

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுடி" என்றேன். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. அந்தம்மா சொன்னாங்கல்ல, மூணு தடவைன்னு. அதான்…"

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். கீழ இருந்து பாறை இடுக்கு வழியா உன்னைப் பாத்துக்கினுதான் இருந்தேன். எலையே இல்லாத மரம், நல்லாத் தெரிஞ்ச. எழுந்து நின்ன. அப்புறம் உக்காந்துட்ட. சரி, மூணு எண்ணுறா போலன்னு ரெண்டாவது கூப்பிட்டேன். மூணாவது கூப்பிட வாயத் தொறந்தேன். நீ டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்ட ஆரம்பிச்ச. அதுக்கப்புறம் கூப்பிடத் தோணல."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"பயந்துதான உக்காந்த?" என்றாள். கெஞ்சுவது போல இருந்தது. "ஆமான்னு சொல்லிடு. நான் நம்பிக்கறேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் பொய் சொன்ன வாய்தானே. ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலடி" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. என்ன தெரியும் என்று கேட்டுக் கூடவே ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அவள் இன்றைக்கும் இருக்கிறாள். முகவரி என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும், நானும் போடுவேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுத எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.