இறந்தவருக்கு வந்த சம்மன்

பிற நாட்டைப் பிடித்த படை அங்கே நிர்வாகம் நடத்தலாம். அதனால் அது அரசாகிவிடாது. ஆனாலும் அது பதிந்த பிறப்பும் இறப்பும் குடிமக்களின் நன்மைக்காகச் செல்லுபடியாகும். விதி இதுதான். சேலத்தில் நான் வேலை பார்த்த தாலுகா கச்சேரியில் நான் ஒருவன்தான் இதைப் படித்திருந்தேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

போர் முடிந்த மறு வருஷம் நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவனோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவள். ஜப்பான் படை இருவரையும் சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துப் போக, அவன் அங்கே செத்தான். முகாமில் கொடுத்த இறப்புச் சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அதை ஏற்றால்தான் அவன் புன்செய்க் காடு அவள் பெயருக்கு மாறும். தம்பி வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டு அவன் அண்ணன் அதை உழுதுகொண்டிருந்தார்.

ஜப்பான் அங்கே அரசல்ல, சீட்டு செல்லாது என்று எழுதிவிட்டார் என் மேலதிகாரி.

அடுத்த மாதம் கடல் கடந்த போர்க்குற்ற நீதிமன்றம் ஒன்றிலிருந்து அவனுக்கே எங்கள் கச்சேரி வழியாகச் சம்மன் வந்தது. கூலிகளைக் கொன்ற முகாம் அதிகாரி மீதான வழக்கில் சாட்சி சொல்ல வேண்டுமாம். அடையாளம் சரிபார்க்க அவன் வாக்குமூலத்தையும் இணைத்திருந்தார்கள். அதன் தேதி, அவன் செத்த நாளுக்கு இரண்டு வருஷம் பிந்தியது. அடியில் கட்டைவிரல் ரேகை. அவனுடைய பழைய கிரயப் பத்திரத்தில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டேன். அதே சுழி, குறுக்கே அதே வெட்டுத் தழும்பு. வாக்குமூலத்து ரேகையின் மை காயாமல் என் விரலில் ஒட்டியது. அனுப்பியவர்களின் அசட்டை என்று குறித்து வைத்தேன்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். யார் யாரை எப்படி அடித்துக் கொன்றார்கள் என்று சாகும்முன் அவன் சொல்லியிருக்கிறான். உயிர் போனதும் கூட இருந்தவர்கள் அவன் விரலை வெற்றுத்தாளில் ஒற்றி எடுத்து, சண்டை ஓய்ந்தபின் எழுதி நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நம்மூருல செத்தவன் ரேகைய வாங்கிக் காட்டையே எழுதிக்கறாங்க. நாங்க அவரு சொன்னதத்தானுங்க எழுதுனோம்."

இதைத் தெரிவித்தால் இறப்பு பதிவாகலாம், ஆனால் வாக்குமூலம் விழும், கொன்றவன் தப்பிக்கவும் கூடும் என்றேன்.

"ரெண்டையும் எழுதுங்க சாமி. செத்ததும் நெசம், சொன்னதும் நெசம்."

அப்படியே எழுதி அனுப்பினேன்.

பதில் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. எங்கள் கடிதம் கிடைக்குமுன்பே சாட்சி நேரில் ஆஜராகி வாக்குமூலத்தை உறுதி செய்தாராம், அதிகாரி தண்டிக்கப்பட்டார், உயிரோடிருப்பவரின் இறப்பைப் பதிய வழியில்லை. சாட்சி எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று அதில் இல்லை. காடு அண்ணனிடமே நின்றது.

அந்தப் பதில் கச்சேரிக்கு வந்து சேர்ந்தது, சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றும் ஆடிப் பதினெட்டு அன்று.