கிணற்றுக்குள் கறுப்புக் கல்

நிலவியல் படிக்கிறவர்கள் மலையைத் தேடித்தான் போவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மலைமேல் இருக்கிற பாறை வெயிலிலும் மழையிலும் வெளிறி உதிர்ந்து, எது எதுவென்றே தெரியாமல் கிடக்கும். எங்கள் பக்கத்தில் புதுப்பாறை பார்க்க வேண்டுமென்றால் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். அதுவும் வறண்ட கிணறாக இருந்தால் உத்தமம்.

எண்பதுகளின் நடுவில் கல்லூரியிலிருந்து பென்னாகரம் பக்கம் கள ஆய்வுக்குப் போனோம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சொந்த ஊரும் தர்மபுரி என்பதால், போகிற இடத்திலெல்லாம் பேச்சுக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சுத்தியலும் திசைகாட்டியும் பையன்களுக்கு, வாய் மட்டும் எனக்கு. எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கே கல்லைத் தட்டினாலும் நாலு பேர் கூடிவிடுவார்கள். கேட்பது இரண்டே கேள்வி: தங்கம் இருக்கா, தண்ணி இருக்கா. இரண்டுக்கும் பதில் சொல்லக் கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வானேன் என்பார்.

ஒரு கொல்லையில், கிணற்று மேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். மழை பொய்த்துக் கிணறு வற்றிவிட்டதால் வெடி வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க. கல்லத் தவிர ஒன்னுமில்லீங்க" என்றாள்.

எங்களுக்கு அதுதானே வேண்டும். அண்ணனுடைய பேண்டைப் போட்டுக்கொண்டு போயிருந்ததால் நானும் இறங்கினேன். அடியில் சாம்பல் நிறப் பாறையைப் பிளந்துகொண்டு, சுவர் எழுப்பின மாதிரி கறுப்புக் கல் நின்றது. பூமிக்கடியிலிருந்து குழம்பாக ஏறி, விரிசலில் உறைந்துபோன கல்; டைக் என்போம். இவ்வளவு துப்புரவான டைக்கை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு படம் வரைந்தார்கள். பேராசிரியர் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். கிணற்றுக்குள் கல்யாண வீடு மாதிரி ஒரே சத்தம்.

மேலேயிருந்து அந்தப் பெண் குனிந்து, "நல்ல சேதிங்களா சார்?" என்றாள்.

சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. நான்தான் முதலில் மேலே ஏறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரரு பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டாரும்மா. தண்ணி வந்தா திரும்பி வரேன்னாரு. இல்லேன்னா வூட்டப் பூட்டிட்டு நானும் புள்ளைங்களும் அங்க போவணும். மிச்சம் இருக்கற ஆட்ட வித்தா இன்னொருக்கா வெடி வெக்கலாம். வெக்கலாமான்னு உங்க சாரக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். பேராசிரியர் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே நின்றார். கட்டளையைச் சொல்லிக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம்மா" என்றார். "எவ்வளவு ஆழம் போனாலும் கீழ இதே கல்லுதான். ஆட்டை விக்காதீங்க."

"அப்ப பெங்களூருதான்" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அவள் இன்னொன்று கேட்டாள். "அந்த ஊர்ல கீழ என்ன கல்லுங்க சார்?"

"இங்க இருக்கிற மாதிரிதான். பாறை இங்கிருந்து அங்க வரைக்கும் போகுது."

"அப்ப அங்க தண்ணிக்கு?"

"காவேரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டு போறாங்க."

"எந்தக் காவேரி? நம்ம ஒகேனக்கல்ல வுழுவறதா?"

"அதேதாம்மா."

அவள் மேற்கே, ஆறு இருக்கிற திசையில் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு வருசா வருசம் இங்கிருந்து நடந்தே போயி ஆத்துல முழுவிட்டு வரோம். அதக் குடிக்கறதுக்குப் பெங்களூரு போவணுமா?" என்றாள்.