சைப்ரஸ் மரத்தில் கட்டிய வேட்டி

மென்பொருளில் பிழை தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். யார் எதைச் சொன்னாலும் நம்பாதே என்று பழகிய புத்தி, வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா? கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வீடு வாங்கி வந்த பிறகுதான் எட்டு வயது மகளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. ஓடி விளையாடிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஐ'ம் ஓகே, அம்மா" என்பாள். அந்த ஓகேயை நான் நம்பியதே இல்லை.

நான் சந்தேகப்பட்டது கொல்லைப்புறத்துச் சைப்ரஸ் மரத்தை. அதற்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் நாளெல்லாம் வண்டி பறக்கும் ஃப்ரீவே. வசந்தத்தில் கிளையைத் தட்டினால் மஞ்சள் பொடி கொட்டும். மகரந்தமாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் போதும். மரத்தை வெட்ட பெர்மிட்டும் வாங்கிவிட்டோம்.

மறுநாளே பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். ஓவியர், அதுவரை வேலிக்கு மேலே கையசைத்ததோடு சரி. முதல் மழைவரை மரத்தை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். அதில் இரண்டு வெள்ளைத் துணிகளைத் தொங்கவிடுவாராம், ஒன்று ஃப்ரீவே பக்கம், ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம். தூரிகையே தொடமாட்டாராம். அவர்கள் ஊர்ப் பழைய ஓவியங்களில் மலையைச் சுற்றிய மூடுபனியை வெறும் வெள்ளையாக விட்டுவிடுவார்களாம். அந்த வெறுமையில்தான் தாவோ, அதாவது இயற்கையின் வழி, இருக்கிறது என்பார்களாம். இப்போது அங்கே நிற்பது பனியா புகையா என்றே தெரியவில்லை, அதனால், தான் ஒன்றும் செய்யாமல் காற்றையே வரைய விடுவதாகச் சொன்னார்.

சும்மா இருப்பதன் பெருமை நமக்கும் தெரியும், நம் சித்தர்கள் பாடாததா? ஆனாலும் சோழியன் குடுமி சும்மா ஆடாது. மரத்தைக் காப்பாற்றத்தான் இந்த நாடகம் என்று எனக்குப் பட்டது. கண்காட்சி, பத்திரிகை என்று போய்விட்டால் அப்புறம் அந்த மரத்தில் யார் கை வைக்க முடியும்? இங்கே மூச்சுக்குத் திணறுவது என் பிள்ளை.

"கொஞ்ச மாசம்தானே, விடேன். நைஸ் லேடி" என்றார் என் கணவர்.

"பழம் குடுத்தா நைஸ் லேடியா? அவங்களே வந்து இங்க் ஸ்ப்ரே பண்ணிட்டுப் போனா யாருக்குத் தெரியும்?"

"சரிதான். சி.ஐ.டி. வேலை ஸ்டார்ட் பண்ணிட்டே."

பண்ணினேன்தான். ஓவியர் தன் துணிகளைத் தொங்கவிட்டுப் போனதும், ஒப்பிட்டுப் பார்க்கக் கணவரின் பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஏணி போட்டு ஏறி, அந்த அம்மாளுக்கு எட்டாத உயரத்தில் மரத்துக்கு முன்னும் பின்னும் கட்டினேன். கோடை முழுக்கச் சமையலறை ஜன்னலிலிருந்து வேவு பார்த்தேன். அவர் வருவார், வேலியோரம் நின்று துணிகளைப் பார்ப்பார், போய்விடுவார். தொடக்கூட இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மழை வரப்போகிறது என்றதும் துணிகளை இறக்கி எங்கள் கராஜில் விரித்தார். வீட்டுப் பக்கத்துத் துணி கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். ஃப்ரீவே பக்கத்துத் துணி முழுக்கக் கரி. சுருக்கம் விழுந்த இடமெல்லாம் கறுத்து, மற்ற இடங்கள் வெளிறி, மலைக்குப் பின்னால் மலையாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஓடிப்போய் என் வேட்டித் துண்டுகளை அவிழ்த்து வந்தேன். அவையும் அப்படியே, ஒன்று பழுப்பு, ஒன்று கரி. விரலால் தேய்த்தால் பிசுக்கென்று ஒட்டியது.

"இவ்வளவையும் அந்த மரம்தான் வாங்கிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் கணவர். ஓவியர் வேட்டித் துண்டுகளையும் கண்காட்சிக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

மரம் வெட்ட வரவிருந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகரந்தத்தின் மேல் எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. மகளுக்கு இழுப்பும் நிற்கவில்லை. குற்றவாளி யாரென்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது. மரமென்றால் ஆள் வைத்து வெட்டலாம். இப்போது தினமும் காலையில் இன்ஹேலரை அவள் பையில் வைத்து, பள்ளியில் இறக்கிவிட்டு, அதே ஃப்ரீவேயில்தான் ஏறி வேலைக்குப் போகிறேன்.