சொல்லிட்டுப் போங்க

சித்தப்பா இருந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் சொல்வதில்லை. 'அங்கே' என்போம். அவர் போன நாளிலிருந்தே அப்படித்தான். பெயரைச் சொன்னால் யார் காதிலாவது விழுந்து இமிகிரேசன் வரை போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். சுற்றிப் பார்க்க விசா வாங்கிக்கொண்டு போனவர், ஓர் உணவுக்கடையில் தட்டு கழுவிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். விசா முடிந்து வெகுநாளாகியிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அப்போது நிறையப் பேர் அப்படிப் போனார்கள். ரப்பர்ப் பால்மரத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் ஃபேக்டரிகளில் ஆள் குறைத்தார்கள். போனார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெலாப்பாங்கில் மலிவு விலை வீடு. அப்பா, அம்மா, நான், சித்தி. சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவர் போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். பிள்ளை இல்லை. எனக்குத் தலை வாரிவிடுவது, தோசை சுட்டுப் போடுவது எல்லாம் சித்திதான்.

அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். சித்தி டிவி முன்னால் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். செய்தியில் அங்கே ரயிலில் குண்டு வெடித்தது என்றார்கள். பூமிக்கு அடியில் ஓடும் ரயில். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஆட்கள் படியேறி வந்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு காலில் மட்டும் சப்பாத்து இருந்தது. எனக்கு அதுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது பெரிய ஊர், எத்தனையோ ரயில் ஓடும் என்றார் அப்பா. சித்தி எழுந்து கைகூடக் கழுவாமல் போனை எடுத்தாள். ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கச் சொல்லி என் காதில் வைத்தார்கள். பிறகு கூப்பிடுங்கள் என்கிறாள் என்றேன். சித்தி பிறகு கூப்பிட்டாள். அதே பெண்தான். போனில் நெத்திலி வாடை வந்தது.

மறுநாள் சித்தப்பாவோடு அறையில் தங்கியிருந்த சிலிம் ரிவர் ஊர்ப் பையன் ஒருவன் அப்பாவைக் கூப்பிட்டான். சித்தப்பா காலையில் வேலைக்குக் கிளம்பினாராம். வழக்கமாக ஏறும் ரயில்தானாம். கடைக்கு வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாயா என்று அப்பா கேட்டார். அவனுக்கும் விசா இல்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போலீஸ் நிற்கிறது, நாங்களே அறையைக் காலி செய்துவிட்டு ஓடப் போகிறோம், மன்னிச்சுக்குங்க அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நம்பரும் அதன் பிறகு கிடைக்கவில்லை.

அப்பா ஹாலில் நின்றபடியே முடிவு செய்தார்.

"கேட்டா பேரு குடுக்கணும். உயிரோட இருக்கிறவனப் புடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும். அனுப்பிட்டான்னா ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் காலு வைக்க முடியாது. எங்கயாச்சும் ஒளிஞ்சிருப்பான். கொஞ்சம் பொறுங்க."

சித்தி தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். போலீசுக்குப் பயந்து போனை மூடி வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் அவளே சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நெற்றியில் பொட்டு எப்போதையும்விடக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

சேதி எப்படியோ பரவியது. ஆட்கள் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருவதுபோல ஒருவர் மைலோ டின் வாங்கி வந்தார். எந்தப் பெட்டியில் ஏறுவார் என்று சித்தியிடம் கேட்டார். சித்திக்கு என்ன தெரியும். அவள் ஈப்போ ஸ்டேஷனையே வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கடைசிப் பெட்டி என்றால் பயமில்லை என்று அவர் எங்களுக்குத் தைரியம் சொன்னார். அவரும் அப்படி ஒரு ரயிலில் ஏறியவர் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்தாள். வேதக்காரி. கண்ணை மூடி ஜெபம் செய்வாள். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, "மீனைக் கொஞ்சம் திருப்பிப் போடு, கருகுது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி மூடுவாள். போகும்போது, "வாரேன்லா, நாளைக்கும் வருவேன், தொல்லைன்னு நெனச்சாலும் வருவேன்" என்பாள். அப்போது சித்தி லேசாகச் சிரிப்பாள்.

அந்த வாரம் நானும் அம்மாவும் டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். எங்களுக்கு முன் இருக்கைக்குக் கீழே ஒரு பை கிடந்தது. யாருடையது என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். எல்லோரும் இறங்கி வெயிலில் தள்ளிப்போய் நின்றோம். முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டிருந்த மலாய்க்காரக் கிழவி ஒருத்தி கடைசியாக இறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கங்கோங் கீரையும் கருவாடும். டிரைவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை. வீட்டில் இதைச் சொல்லாதே என்றாள்.

எங்களில் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை பள்ளிக்கு நேரமாகி 'போறேன்' என்று கத்திவிட்டு ஓடி, அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அதனால் அது எனக்குத் தெரியும். அதன் இன்னொரு பாதி எனக்குத் தெரியாது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள்.

பழைய தோட்டத்து ஆட்கள் வந்தது அதற்குப் பிறகு. மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவள் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான். சித்தப்பாவைச் சின்னதில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள். அவள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அம்மா தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் தொடவில்லை. தேநீர்மேல் ஆடை படிந்தது. பிறகு எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள்.

சித்தி அப்போது சமையலறைப் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்து காலி நாற்காலிகளைப் பார்த்தாள். செருப்புப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவர்கள் கேட்டைத் தாண்டிச் சந்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா. சொல்லிட்டுப் போங்க."

அவள் நின்றாள். "என்னாத்தடி சொல்ல?"

"எப்பவும் சொல்றத."

மற்ற இரண்டு பேரும் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா சித்தியின் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "வாரேன்டி" என்றாள்.

"முழுசா சொல்லுங்க."

"போயிட்டு வாரேன்டி, ஆத்தா."

மற்ற இரண்டு பேரையும் சித்தி ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தாள். பிறகுதான் உள்ளே வந்தாள். காலில் கல் குத்தி ரத்தம் வந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் சித்தி அவர் முன்னால் போய் நின்றாள். புருஷனின் அண்ணன் என்பதால் மாமா என்றுதான் கூப்பிடுவாள். முன்னால் நின்று பேசமாட்டாள். அன்றைக்கு நின்றாள்.

"கேளுங்க மாமா. புடிச்சா புடிக்கட்டும். அனுப்பட்டும்."

"அவன் என்னைத் திட்டுவான்மா. இத்தனை பாடு பட்டுப் போனவன்."

"திட்டட்டும். இங்க வந்து திட்டட்டும்."

அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. விவரம் தெரிந்த ஒருவரைப் பிடிக்க அப்படியே மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனார். சித்தப்பாவின் முழுப்பெயர், வயது, உயரம், உடம்பில் இருந்த அடையாளம் எல்லாம் அங்கிருந்து போன் வழியாகப் போயின. எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டாயிற்று, இனி அவர்கள் சொல்வார்கள் என்று வந்து சொன்னார். சித்தி அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டாள்.

பள்ளி விடுமுறை. சித்தி எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். யார் வந்தாலும் திரும்பிப் போகும்போது சொல்லச் சொல்ல வேண்டும், சொல்லாமல் கேட்டைத் திறக்கக்கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்றுகொள்வேன். பெரிய ஆட்கள்கூட என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சிலர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "டோல் கட்டணுமா?" என்று கேட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "போயிட்டு வாரேங்க மேடம்" என்பாள். நான் கேட்டைத் திறந்துவிடுவேன்.

அப்பா ஒருநாள் காலையில் வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை. யூனிஃபார்மோடு நேராகப் பின்பக்கம் போனார். அங்கே அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னார். அம்மா துணியைக் கையில் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வரவில்லை, ஆனாலும் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் என்ன சொன்னார் என்பது நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சித்தப்பா ரயிலில் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் இல்லாமல் கிடந்திருக்கிறார். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. கையில் சித்தியின் பெயரின் முதல் எழுத்தைப் பச்சை குத்தியிருந்தார். அது என்ன எழுத்து என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கேட்கப் பயந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. நாங்கள் கேட்டபோது இல்லை.

சித்தி சமையலறையில் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனிடம் கார் சாவி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று செருப்பைத் தேடினார். காலில்தான் போட்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பாகான் டத்தோவுக்கு, சித்தியின் அண்ணனைக் கூட்டி வர என்றார். சித்தியின் அண்ணன் வந்தால் இளநீர் கொண்டு வருவார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு அந்தச் சேதியைப் பிறந்த வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள், கோடித் துணி அவர்கள்தான் கொண்டு வரவேண்டும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்?

நான் ஓடிப்போய்க் கேட்டில் ஏறிக்கொண்டேன்.

"அப்பா, சொல்லிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்பா பொய் சொல்லாதவர் இல்லை. போனில் பேட்டரி இருக்காது, ஒளிந்திருப்பான், பயப்படாதே என்று அந்த நாட்களில் எத்தனையோ சொல்லியிருக்கிறார். இதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டோடு சேர்த்து மெதுவாகத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

எனக்குக் கோபம். "அப்பா சொல்லல" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "சித்தி, அப்பா சொல்லாம போறாரு."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சித்தியைக் கூட்டி வந்து அப்பாவைச் சொல்ல வைக்கலாம் என்று சமையலறைக்கு ஓடினேன்.

சித்தி அடுப்பை அணைத்துவிட்டிருந்தாள். கல்லில் தோசை பாதி வெந்து, மேலே மாவு வெள்ளையாக அப்படியே இருந்தது. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மாவுச் சட்டியை மூடினாள். அடுப்பைச் சுற்றி ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கேஸ் தோம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கனமாக இருந்தது. கேஸ் இருக்கிறது சித்தி என்று சொல்லி, நானே அடுப்பைப் பற்றவைக்கக் கையை நீட்டினேன். எனக்குப் பசி.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.