உட்கார்ந்தால் ஒழுகும் வண்டி

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சுத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். உள்ளே வந்து தரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்குப் பிடித்ததோ பழைய வண்டிகள். பழைய வண்டி எங்காவது சொட்டாமல் இருக்குமா? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

பட்டறையை அவரும் அவர் தம்பியும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். கொழுந்தனாருக்கு இன்ஜின் வேலை. கழற்றுவது, பூட்டுவது எல்லாம் அவர். வெளிவேலை முழுக்க இவர்: ஒயர், கேபிள், ரப்பர் குழாய்கள். கொழுந்தனார் ஒல்லியான ஆள். "அண்ணி, காத்தடிச்சா நான் வண்டியைப் பிடிக்கலை, வண்டிதான் என்னைப் பிடிக்குது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் இரும்புக்கடைக்காரர் பட்டறைக்குள் கத்திக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய வண்டிக்கு அப்போதுதான் இன்ஜின் வேலை முடித்துக் கொடுத்திருந்தார்கள். மனுஷன் நல்ல கனம். முழங்கால் வரைக்கும் கால்சட்டை முழுக்க எண்ணெய்.

"யோவ் சுத்தம், இதுதான் உங்க சுத்தமா?"

இன்ஜினின் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் கசிந்திருந்தது. என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார்.

"அண்ணே, நான் ஓட்டிப் பார்த்துட்டுத்தானே கொடுத்தேன். ஒரு சொட்டு இல்லை."

"நீ ஓட்டினா ஒழுகாது, அவர் ஓட்டினா ஒழுகுமா? வண்டிக்கு ஆள் தெரியுமாடா? வாயைத் திறந்தா பொய். கையில சுத்தம் இல்லாதவனுக்கு இன்ஜின் எதுக்கு?"

நான் டீ கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டேன். கொழுந்தனார் ஸ்பேனர்களைத் துடைத்து அதனதன் ஆணியில் மாட்டினார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். போய்விட்டார்.

பிறகு ஒரு தானியக் கிடங்கில் மூட்டை எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். வழியில் பார்த்தால் என்னோடு பேசுவார். அண்ணனோடு பேச்சே இல்லை. நான் சாமி கும்பிடும்போது இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லுவேன். பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

பல வருஷம் கழித்து இரும்புக்கடைக்காரர் அதே வண்டியைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். வேறு யாரோ கழற்றி, பூட்டத் தெரியாமல் விட்டிருந்தார்கள். இன்ஜின் தனியாக, குழாய்கள் ஒரு கோணிப்பையில். "உன்னை விட்டா இதுக்கு ஆள் இல்லைய்யா" என்றார். இவரும் மறுக்கவில்லை. இன்ஜினை இந்தத் தடவை தன் கையாலேயே பூட்டினார். ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்கப் புது கேஸ்கெட்.

கடைசியில் மூச்சுக் குழாய்கள். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே காற்று அழுந்துமாம். அது வெளியேற ஒரு குழாய். எண்ணெய்த் தொட்டியின் காற்றுக்கு இன்னொன்று. பையிலிருந்த இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். வண்டியிலும் அவை மாட்டும் இரும்பு மூக்குகள் பக்கத்துப் பக்கத்தில்தான் நீட்டிக்கொண்டிருந்தன.

"இங்க வா. தொட்டி வாயில கையை வை" என்றார். ஒரு மூக்கில் குழாயைச் செருகி ஊதினார். என் உள்ளங்கையில் காற்றுப் பட்டது.

"வருதுங்க."

"அப்ப இது தொட்டியோடது. மத்தது இன்ஜினோடது."

பழைய குழாய்களையும் ஒவ்வொன்றாக விரல்விட்டுப் பார்த்தார். ஒன்றின் உள்ளே பால் திரிந்தாற்போல் ஒரு பசை. அதுதான் இன்ஜின் மூச்சு போன குழாய் என்றார். அதன் நடுவில் ஒரு இடம் நசுங்கித் தட்டையாக இருந்தது. "பழைய ரப்பர், அப்படித்தான் இருக்கும்" என்று குப்பைத் தொட்டியில் போட்டார். புதுக் குழாயை முன்பு விட்ட வழியிலேயே விட்டார். மற்றப் பட்டறைகளில் அதை வெளியே தொங்கவிடுவார்கள். சக்கரத்து மேலே சொட்டும். இவர் சீட்டுக்கு அடியில் சட்டத்தை ஒட்டினாற்போல் மறைத்துக் கட்டுவார். பார்க்க அவ்வளவு அழகு.

ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டார். ஒரு சொட்டு இல்லை. இரும்புக்கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கினார். கால்சட்டை முழுக்க எண்ணெய்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "என்னய்யா, தம்பியோட கை உனக்கும் வந்திடுச்சா?"

இந்தத் தடவை கைகாட்ட என் வீட்டுக்காரருக்கு வேறு ஆள் கிடையாது. வண்டியைத் துடைத்து மறுபடி ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டார். ஒழுகவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏறி உட்காரு."

"நானா? என் கனத்தை ஊருக்குக் காட்டணுமா?"

"உட்காரும்மா."

உட்கார்ந்தேன். சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சென்று இறங்கியது. இன்ஜின் சத்தம் தொண்டை கட்டியதுபோல் மாறியது. இவர் தரையில் படுத்து அடியிலிருந்து பார்த்தார். ஸ்பிரிங்கின் அடிக்கட்டை அந்தக் குழாயைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாத காற்று, இணைப்பு இணைப்பாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"இறங்கு" என்றார். இறங்கினேன். கசிவு நின்றது.

எழுந்துபோய்க் குப்பையிலிருந்து அந்தப் பழைய குழாயை எடுத்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். தட்டையான இடம் ஸ்பிரிங்கின் அடியில் கச்சிதமாகப் பொருந்தியது.

"அவன் பொய் சொல்லலை. அவன் ஒல்லி. அவன் உட்கார்ந்தா ஸ்பிரிங் இவ்வளவு இறங்காது."

கடவுளே, இவருக்கு வாயைக் கொடு என்று மட்டும் மனதுக்குள் கேட்டேன். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் தன் தப்பு என்று சொன்னதில்லை. இணைப்புகளைத் துடைத்துவிட்டு, புதுக் குழாயை வெளியே எடுத்து, சீட்டைத் தொடாமல் பின்பக்கமாகத் தொங்கவிட்டார். நுனியில் எண்ணெய் சொட்டித் தரையில் விழுந்தது. துடைக்கவில்லை.

பிறகு இரும்புக்கடைக்காரரிடம் போய், "கிடங்கு வரைக்கும் வாங்க" என்றார்.

"நான் எதுக்குய்யா? அண்ணன் தம்பி விவகாரம்."

"அன்னைக்கு உங்க முன்னாலதானே அவனைச் சொன்னேன். இன்னைக்கும் நீங்க கேக்கணும்."

இரும்புக்கடைக்காரர் அந்த வண்டியிலேயே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் நடந்து போனோம். கொழுந்தனார் தராசுக்குப் பக்கத்தில் தூசி படிந்த சட்டையோடு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டைக் கொக்கியைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுடையதுடா" என்றார் இவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "உன் கையில குறை இல்லை. குழாயை நான்தான் சீட்டுக்கு அடியில மறைச்சுக் கட்டினேன். இவர் உட்கார்ந்தா அது நசுங்கிடும். உன்னைப் பொய்யன்னு சொன்னேன். அதுவும் தப்பு."

மூட்டை தூக்குகிறவர்கள் கூட நின்று பார்த்தார்கள்.

"நான் உன்மேல கோவத்துல போகலை அண்ணே" என்றார் கொழுந்தனார். "என் கைதான் சரியில்லைன்னு நானே நம்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு போல்ட்டைக்கூடத் தொடப் பயமா இருந்துச்சு."

அதைக் கேட்டு இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொழுந்தனார் வண்டிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். "ஏறி உட்காருங்க, ஸ்டார்ட் பண்ணுங்க" என்று இரும்புக்கடைக்காரரிடம் சொன்னார். இன்ஜின் ஓடியது. இணைப்பு ஓரமாக ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டினார். எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அடுத்த இணைப்பு. அதுவும் காய்ந்திருந்தது. முழுவதும் பார்த்து முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"யாரு பூட்டினது?"

"நான்தான். நீ பூட்டுற மாதிரியே பூட்டினேன்."

"பட்டறைக்கு வா" என்று இவர் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. கொழுந்தனாரும் வருவதாகச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ மூட்டை நிற்குது என்று சத்தம் போட்டார்கள். "வேலை இருக்கு, நீங்க போங்க" என்று அவர் தராசுக்குத் திரும்பினார்.

இவர் போகவில்லை. சுவரோரமாகத் தூசியில் உட்கார்ந்தார். வேட்டி அழுக்காவதைக் கவனிக்கவே இல்லை. கொழுந்தனார் எடை போட்டுக்கொண்டே அவ்வப்போது திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: "அண்ணி, அண்ணன் சாப்பிட்டுட்டு வந்தாரா?"

"இல்லைப்பா."

"சாப்பாட்டு மணியடிச்சதும் வர்றேன். அதுவரைக்கும் இருக்கச் சொல்லுங்க."