தம் கட்டாமல் மேலே வந்தவர்

இந்த முறை விடுப்பில் பரவை ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் தாடியை வழித்திருந்தார். கடற்படையில் சேர்ந்த பிறகு அனுமதி வாங்கி ஆசையாக வளர்த்த தாடி அது.

"எம்புட்டு அழகா இருந்துச்சு, ஏன்யா வழிச்ச?" என்று அத்தை கேட்டார்.

"வெக்கைம்மா."

மதுரை வெயிலில் வளர்ந்தவருக்குக் கடற்கரையில் என்ன வெக்கை? மகள் பிறந்ததும் நீர்மூழ்கிக் கப்பலை விட்டுவிட்டதாகவும், கரையில் ஸ்டோர் வேலை பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு தாடிக்காகச் சந்தேகப்படுகிறோமே என்று என்மீதே கோபம் வந்தது.

மறுநாள் அலங்காநல்லூரில் என் அம்மா வீட்டுக் கிணற்றில் அவரும் என் தம்பியும் குதித்தார்கள். அடிமண்ணை அள்ளி வரவேண்டும் என்று பந்தயம்.

"நல்லா தம் கட்டுங்க மச்சான்! கப்பல்காரரு மானம் போயிரப் போகுது!" என்றான் தம்பி.

அவன் கன்னம் உப்ப, மூச்சை அடைத்துக்கொண்டு மேலே வந்தான். இவர் தலை தெரிவதற்கு முன்பே குமிழிகள் வந்தன. நீர்மட்டம் வரை ஊதிக்கொண்டே வந்தார்.

"என்ன மச்சான், சோடா பாட்டில் மாதிரி பொங்குறீங்க?"

"பழக்கம் மாப்ள." சொன்னதும் சட்டென்று என்னைப் பார்த்தார்.

திரும்பும் வழியில், மகளை நடுவில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தபடி கேட்டேன்.

"அது என்ன பழக்கம்?"

நீர்மூழ்கி கடலடியில் நின்றுபோனால், மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு வெளியேறவேண்டுமாம். ஆழத்தில் அழுத்தத்தோடு இழுத்த காற்று மேலே வரவர விரியும். தம் கட்டினால் நுரையீரல் கிழிந்துவிடும். கருவி கைவிட்டாலும் ஊதிக்கொண்டே வரத் தெரிந்திருக்கவேண்டும் என்றார்.

"கிணத்துல நீங்க இழுத்தது மேல இருக்குற காத்துதானங்க? அது எதுக்கு விரியப் போகுது?"

ஆளில்லாத சாலையில் அவர் ஹாரன் அடித்தார்.

"அந்தக் கருவிக்குத் தாடி ஆகுமா?"

வண்டி மெதுவானது. "ஆகாது. முகத்துல ஒட்டாது, காத்து கசியும்." பிறகு அவசரமாக, "எல்லாருக்கும் பயிற்சி குடுத்தாங்க, அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு. ஸ்டோர்லதான் இருக்கேன். வேணும்னா பாரு, மறுபடி தாடி வளக்குறேன்."

நம்பினேன். நம்பியதாகத்தான் நினைத்தேன். ஆனால் அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு வீடியோவில் பேசும்போதெல்லாம் முதலில் மோவாயைத்தான் பார்க்கிறேன்.

நேற்று படத்தை அணைத்துவிட்டுப் பேசினார். நெட் சரியில்லையாம்.

"தாடி வந்துருச்சா?" என்று கேட்டேன்.

"வருது, வருது," என்றார்.